தல்கீனில் சொன்ன பெயர்

சபியா உம்மாவுக்கு ஒரு மகன் இருந்தான். இதைக் கல்முனைக் கடற்கரைத் தெருவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஆரு, நெல்லு அவிக்கிற சபியா உம்மாக்கா? புள்ள இல்லையெண்டுதானே அவட புருசன் உட்டுட்டுப் போனான்?" என்று கேட்டு, சொன்ன உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வதும் மெய்தான். ஊருக்கு ஒரு மெய் போதும். மனிசருக்குத்தான் ஒன்றுக்கு மேல் வேண்டியிருக்கிறது.

புருசன் கச்சிமுகம்மது கரைவலைக்காரன். கலியாணமாகி ஏழெட்டு வருசம் பார்த்தான். பிறகு ஒரு பருவம் கோமாரிப் பக்கம் கரையில் குடிசை வாடி அடித்து மீன்பிடிக்கப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டி, அவளிடம் ஐந்து பிள்ளையும் பெற்று, அந்த மண்ணிலேயே மௌத்தாகியும் போனான். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். தாயும் தகப்பனும் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஆகவே வந்தவன் போனான், இருந்தவள் இருந்தாள். அந்த மட்டுக்கும் அல்லாஹ் காப்பாற்றினான்.

அந்த வீட்டின் முன்வாசல் மேற்கே தெருவைப் பார்த்தது. பின்வாசலைத் திறந்தால் கிணறு, கிணற்றுக்கு அப்பால் தென்னோலைக் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் மௌத்தானவர்களை அடக்குகிற மையவாடி, அதற்கும் அப்பால் கடல். மையவாடிக்குப் பக்கத்து வீடென்று பெண்பிள்ளைகள் மாலைக்கு மேல் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். சபியா உம்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. அவளுடைய மகன் அங்கேதான் கிடந்தான்.

அவன் வந்தது ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட கிழமையில். வண்டிமாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் சட்டிபானையோடு நாவிதன்வெளிப் பக்கத்து வயல்வாடிகளுக்கு ஓடிவிட்டார்கள். கச்சிமுகம்மது மட்டும், "என்ட ஓட்டை வலையில ஜப்பான்காரனுக்கு என்ன வேல?" என்று சொல்லி இருந்துவிட்டான். ஓடுவதற்கு மாடு இல்லை என்பதை அவன் சொல்லவில்லை. ஒரு காலையில் வலை பார்க்கப் போனவன் இன்னும் மூன்று பேரோடு, கரையொதுங்கிய ஒரு மையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வளவில் கிடத்தினான்.

வெள்ளைக்காரப் பிள்ளை. இருபது வயது மதிக்கலாம். ஒரு காலில் தோல் சப்பாத்து, மற்றக் காலில் ஒன்றுமில்லை. வைக்கோல் நிறத் தலைமயிரில் மணல். கடல் அவனை அதிகம் கெடுத்திருக்கவில்லை. குண்டு போடுகிற பிளேனிலிருந்து விழுந்தவன் என்று கழுத்தில் கிடந்த பட்டாள வில்லைகளைப் பார்த்து ஊர்த்தலைவர் விதானையார் சொன்னார். சொல்லிவிட்டு வில்லைகளைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, "கச்சேரிக்கு அறிவிக்கிறன். அதுக்குள்ள நீங்க இத எங்கயாச்சும் அடக்குங்க" என்று சைக்கிளை மிதித்தார். அரசாங்கக் கச்சேரியில் அன்றைக்கு ஆள் இருந்ததோ என்னவோ.

ஆண்கள் ஈர உடுப்பைக் கழற்றினார்கள். கழற்றியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கச்சிமுகம்மது ஓடிப்போய்ப் பள்ளிவாசலில் இருந்த அபுல் ஹஸன் லெப்பையைக் கூட்டி வந்தான். லெப்பை பார்த்தார். சந்தேகமே இல்லை. சுன்னத்துச் செய்த பிள்ளை.

"வெள்ளக்காரன் எப்படி லெப்ப நம்மட ஆளாவான்?" என்று ஒருவன் கேட்டான்.

"துருக்கியில இரிக்கிற ஆக்கள் கறுப்பாடா? சாம் தேசத்தில இரிக்கிற ஆக்கள் கறுப்பா?" என்று லெப்பை சீறினார். "சுன்னத்துச் செஞ்ச மையத்த சேர்ச்சுக்குக் குடுத்துட்டு நாளைக்கி அல்லாஹ்ட்ட நான் என்ன சொல்ற? குளிப்பாட்டுங்க."

கடைகள் பூட்டிக் கிடந்தன. மையத்தைச் சுற்றும் கபன் பிடவைக்குச் சபியாதான் தன் பெட்டியிலிருந்த புதுச் சீலைத்துணியைக் கதவிடுக்கால் நீட்டினாள். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவதற்குத் தூக்கும் நேரத்தில் லெப்பைக்கு இன்னொரு சிக்கல் வந்தது. அடக்கிய பிறகு தலைமாட்டில் இருந்து தல்கீன் ஓதவேண்டும். கபுறுக் குழிக்குள் வானவர்களான மலக்குகள் வந்து கேட்கும்போது இப்படி இப்படிப் பதில் சொல் என்று மௌத்தானவருக்குச் சொல்லிக் கொடுப்பது. 'இன்னாருடைய மகனே' என்று தாயின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடவேண்டும். மறுமை நாளில், மஹ்ஷர் மைதானத்திலும் அந்தப் பெயரால்தான் எழுப்புவார்கள் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள்.

"பேருக்கு அப்துல்லா எண்டு வெப்பம். அல்லாஹ்ட அடிமை, எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் லெப்பை. "உம்மாட பேருக்கு எங்க போற? சரி, ஹவ்வா உம்மாட மகன் எண்டு ஓதுறன். மனிசருக்கெல்லாம் அவதானே உம்மா."

கதவுக்குப் பின்னாலிருந்து சபியா பேசினாள். பிற ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஹவ்வா உம்மாக்கு எத்தின கோடி புள்ள, லெப்ப! இந்தப் புள்ளக்கெண்டு தனியா ஒராள் வேணாமா? என்ட பேரச் சொல்லுங்க."

கச்சிமுகம்மது நிலத்தைப் பார்த்தான். லெப்பை தாடியைத் தடவினார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வேலிக்கு அப்பாலிருந்து தல்கீன் கேட்டது. அரபிதான், அவளுக்கு விளங்காது. ஆனாலும் நடுவில் தன் பெயர் வந்தது விளங்கியது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பெறுகிற வலி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அழுகை மட்டும் தெரிந்திருந்தது.

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஆகவே அவள் போகவில்லை. ஆனால் தினமும் தண்ணீர் அள்ளுகிறவளுக்கு வேலி என்ன மறைப்பு? கிணற்றுக் கட்டின் தென்மூலையில் நின்றால் கிடுகுக்கு மேலால் அவனுடைய தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டை நேரே தெரியும். மையத்தை வடக்கே தலைவைத்து, வலப்பக்கமாகச் சரித்து, முகத்தைக் கிபுலாவுக்குத் திருப்பித்தான் கிடத்துவார்கள். கிபுலா மேற்கே. மேற்கே அவளுடைய கிணறு. அவன் கடலுக்கு முதுகைக் காட்டி, அவளுடைய பின்வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்பது ஒருநாள் வாளியை இறக்கும்போது அவளுக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவள் தனியாள் இல்லை.

அவனோடு கதைப்பாள். பெரிய கதையொன்றும் இல்லை. "இண்டைக்கி கீரி மீன் மலிவு மகன்." "நெல்லுக்காரன் ஏமாத்திட்டான், அரைவாசி பதர்." கச்சிமுகம்மது போன அன்றைக்கு, "உங்கட வாப்பா போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். பெருநாளைக்கு ஊரில் பிள்ளைகள் எல்லாம் தாய்மாரின் காலடிக்கு வரும். இவள் வீட்டுக்கு நெல்லுப் பொதி கொண்டுவரும் வண்டிக்காரனைத் தவிர ஒருவரும் வரமாட்டார்கள். பராத் இரவுக்கு ரொட்டி சுட்டு, மௌத்தானவர்களின் பெயரைச் சொல்லிப் பாத்திஹா ஓதுவிக்கும்போது, தாய் தகப்பன் பெயருக்குப் பிறகு, "என்ட மகனுக்கும்" என்பாள். அபுல் ஹஸன் லெப்பை ஒன்றும் கேளாமல் ஓதிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொள்வார். அவர் மௌத்தான பிறகு அவருடைய மகன் அப்துல் ஸமட் லெப்பையும் அப்படியே ஓதினார். கிழவிக்கு ஏதோ குறைப்பிள்ளை பிறந்து செத்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். கச்சிமுகம்மதுவோடு மையத்தைச் சுமந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே மையவாடிக்குள் போய்விட்டிருந்தார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கல்முனை மொட்டையாகிப் போனது. தென்னைகள் முறிந்தன, கூரைகள் பறந்தன, கடல் ஏறி மையவாடிக்குள் வந்து மீஸான் கட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு போனது. விடிந்தபோது சபியா உம்மா வீட்டின் நாலு சுவரும் வானமும்தான் மிச்சம். அவள் அதைப் பார்க்கவில்லை. கிணற்றடிக்கு ஓடினாள். வேலி இல்லை. மையவாடி ஒரே மணல்வெளி, எது யாருடைய கபுறு என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. எல்லோரும் சொந்தங்களைத் தேடி அழுதுகொண்டிருந்தார்கள்.

கிணற்றுக் கட்டின் தென்மூலையில் அவள் போய் நின்றாள். கண் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. முப்பத்தாறு வருசமாகப் போய்ப் பழகிய கண். வேலிக்கு நட்டிருந்த பூவரசங் கதியாலில் ஒன்று முறிந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மையவாடிக்குள் நடந்து, அவனுடைய தலைமாட்டில் ஊன்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தக் களேபரத்தில் யார் கண்டார்கள்? அது வேர்பிடித்துத் தளிர்த்தது. இரண்டு வருசத்தில் ஓர் ஆள் நிழலுக்கு இருக்கலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. தானாக முளைத்த மரம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

எண்பத்தொன்றாம் ஆண்டு பங்குனி வெயிலில் துரைசாணி வந்தாள்.

அறுபது வயதுக்குக் கிட்டிய வெள்ளைக்காரப் பெண். குடை, தொப்பி, வெயிலில் வெந்த மூக்கு. காரைதீவு நல்லரெத்தினம் மாஸ்டர் கூட வந்தார். இங்கிலீஸ் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிசன். அவரிடம் இங்கிலீஸ் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் கல்முனையில் அரைவாசிப் பேர். படித்தது தெரிகிறவர்கள் அதில் கால்வாசியும் இல்லை. துரைசாணி தன் தம்பியின் கபுறைத் தேடி வந்திருந்தாள். இந்தக் கரையில் ஒதுங்கியதாகத்தான் அரசாங்கம் அவர்களுக்கு அறிவித்திருந்தது. சண்டை முடிந்த பிறகு வந்து தேடிய வெள்ளைக்காரர்கள் சேர்ச்சு வளவுகளில் எல்லாம் சிலுவை தேடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். மையவாடியில் தேட அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது? இப்போது, 'எங்கட மையவாடியில ஒரு வெள்ளக்காரன் கிடக்கானாம்' என்ற பழங்கதையை யாரோ மாஸ்டரின் காதில் போட்டிருந்தார்கள்.

பெண்கள் உள்ளே போவதில்லை என்பது துரைசாணிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். ஸமட் லெப்பை பின்னால் ஓடினார். அவருக்கும் இடம் தெரியாது. கைவிரித்தார். துரைசாணி வெயிலில் அங்கும் இங்கும் நடந்தாள். பிறகு களைத்துப்போய், அந்த மணல்வெளியில் இருந்த ஒரே நிழலில், பூவரசின் அடியில் குந்திவிட்டாள்.

சபியா உம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றாள். அந்தப் பெண்ணின் சப்பாத்துக் காலுக்குக் கீழே அவளுடைய தம்பி. ஒரு சத்தம் போட்டால் போதும். அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

தண்ணீர் கேட்டு அவர்கள் அவளுடைய வளவுக்குத்தான் வந்தார்கள். இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்தாள். துரைசாணி குடித்துக்கொண்டிருக்கும்போது மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"கண்டெடுத்தா என்ன செய்வாங்க, மாஸ்டர்?"

"கிண்டி எடுத்துத் திருகோணமலைக்குக் கொண்டு போவாங்க, சபியா உம்மா. அங்க சண்டையில செத்த இவங்கட ஆக்களுக்கெண்டு தனி இடம் இரிக்கி."

அவள் தலையை ஆட்டினாள். அப்படியானால் சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். அதில் அவளுக்கு வெட்கமும் இருக்கவில்லை. நாற்பது வருசம் சலாம் சொல்லி, பெயர் சொல்லி, ரொட்டி கொடுத்து வளர்த்த மகனை, ஒருநாள் குடையோடு வந்தவளிடம் எந்தத் தாய் கொடுப்பாள்?

துரைசாணி குரும்பையைக் கீழே வைத்துவிட்டு என்னவோ சொன்னாள். மாஸ்டர் தமிழில் சொன்னார்.

"மூணு பேராம் அந்த பிளேன்ல. இவட தம்பி முதுகுப் பக்கத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்து துவக்குச் சுடுறவராம். மத்த ரெண்டு பேரும் கடலோட போயிட்டாங்களாம். தாய்க்காரி இன்னும் இரிக்காவாம். தொண்ணூறு வயசு. கண் தெரியாது. ராவைக்குப் படுக்கக்க பின்கதவப் பூட்ட விடமாட்டாவாம். அவன் எப்பவும் பின்கதவாலதான் வாறவனாம். எங்க கிடக்கான் எண்டு ஒரு இடத்தச் சொல்லுங்க, அதுக்குப் பிறகு பூட்டுறன் எண்டு சொல்லுவாவாம்."

சபியா உம்மா திரும்பித் தன் பின்வாசலைப் பார்த்தாள். அவள் அதைத் தினமும் திறந்துகொண்டு வருகிறவள். திறந்தால் மகன் தெரிவான். கடலுக்கு அப்பால் ஒரு கிழவி நாற்பது வருசமாகத் திறந்து வைத்திருக்கிறாள். திறந்தால் அவளுக்கு இருட்டு. அந்த எண்ணம் வந்ததும் சபியா உம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசிட பேரென்ன, மாஸ்டர்?"

"றோஸ்."

"இஞ்ச வாங்க," என்று துரைசாணியின் கையைப் பிடித்தாள். கிணற்றுக் கட்டின் தென்மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, பூவரசைக் காட்டினாள். "நீங்க குந்தினது அவன்ட தலைமாட்டிலதான், மகள்."

மாஸ்டர் அதை இங்கிலீசில் சொன்னார். துரைசாணி அந்தப் பெரிய உடம்போடு கிணற்றுக் கட்டில் சரிந்து குழந்தை மாதிரி அழுதாள். அழுது தீர்ந்த பிறகு, ஏன் இங்கே அடக்கினார்கள் என்று கேட்டாள். அங்கேதான் மாஸ்டரின் பாடு திண்டாட்டமானது. சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சுன்னத்துச் செஞ்சிருந்திச்சி" என்றாள். எழுபது வயதுப் பிரம்மச்சாரி அதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தாக வேண்டும். முகம் சிவந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அந்தக் காலத்தில் அவர்கள் குடும்ப டொக்டர் சுகத்துக்கு நல்லதென்று சொல்லி ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் வெட்டிவிடுவாராம்.

கதை தெருவுக்கு வந்ததும், அபுல் ஹஸன் லெப்பை பிழைவிட்டார் என்று சிலர் கதைத்தார்கள். ஸமட் லெப்பை முகம் வாடிப் போனார். "உங்கட வாப்பா கண்டத வெச்சிச் செஞ்சார், மகன். காணாத்த அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சபியா உம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே யோசனைதான். மாஸ்டரோடு போய் லெப்பையைக் கேட்டாள்.

"அவன் என்ட பேரால கபுறுக்குப் போனவன். சொந்த உம்மாவும் இரிக்கா. நாளைக்கி மஹ்ஷரில ரெண்டு பேர் கூப்பிட்டா புள்ள எந்தப் பக்கம் போகும்? கிண்டி எடுக்கக்க, சரியான பேரச் சொல்லி இன்னொருக்கா தல்கீன் ஓதி விடுங்க."

"அவர் நம்மட ஆள் இல்லையெண்டு தெரிஞ்ச பிறகு ஓத ஏலா, உம்மா," என்றார் லெப்பை. பாவம், அவர் மனம் வருந்தித்தான் சொன்னார்.

மாரிக்கு முன் ஆட்கள் வந்தார்கள். ஒரு மரப்பெட்டி, மண்வெட்டி, கூலியாட்கள் இருவர். பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்கார்மாரும் லெப்பையும் தள்ளி நின்றார்கள். முதலில் பூவரசை வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு தோண்டினார்கள். வலப்பக்கமாகச் சரிந்து, மேற்கே பார்த்தபடியே அவன் கிடந்தான். அவள் நினைத்திருந்தது சரிதான். எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார்கள்.

மூடப்போகும் நேரத்தில் சபியா உம்மா வேலியைத் தாண்டி வந்தாள். மரைக்கார் ஒருவர் தடுக்கக் கையை நீட்டினார். லெப்பை அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். அரபி அவளுக்குத் தெரியாது. தெரிந்த பாசையில் சொன்னாள்.

"மகன், நான் சபியா. அண்டைக்கி உனக்கு ஆருமில்ல எண்டு என்ட பேரச் சொல்லச் சொன்ன நான். உன்ட உம்மா இரிக்கா. றோஸ் எண்டு பேர். கூப்பிடுற நாளையில ரெண்டு சத்தம் கேட்டா மருளாத. நீ அவட பக்கம் போ. நான் கோவிக்கமாட்டன்."

நிமிர்ந்து, யாரையும் பாராமல் வளவுக்குப் போனாள். பெட்டியை ஏற்றிய வான் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை கிணற்றடியில் நின்றாள். அன்றைக்கு நெல் அவிக்கவில்லை.

பிறகும் தண்ணீர் அள்ளத்தானே வேண்டும். தென்மூலையில் நின்று வாளியை இறக்கும்போது, "மகன்" என்று வாய் தொடங்கும். பூவரசும் இல்லை, ஒன்றும் இல்லை, மணல்தான். தொடங்கிய வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுப்பாள். வயது போன காலத்தில் மலடியாவது எவ்வளவு கனம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாசியில் ஒருநாள் நல்லரெத்தினம் மாஸ்டர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். "துரைசாணி அறிவிச்சிருக்கா, சபியா உம்மா. தாய்க்காரி இப்ப பின்கதவப் பூட்டிட்டுத்தான் படுக்காவாம்."

"பூட்டட்டும்," என்றாள். "குளிர் தேசமெண்டு சொல்லுவாங்க."

பராத் வந்தது. வழக்கம்போல ரொட்டி சுட்டு அடுக்கி வைத்தாள். ஸமட் லெப்பை பாயில் இருந்து பெயர்களைக் கேட்டார். உம்மா பெயர் சொன்னாள். வாப்பா பெயர் சொன்னாள். போன இடத்தில் செத்த கச்சிமுகம்மதுவின் பெயரையும் சொன்னாள். அதோடு நிறுத்திவிடுவாள் என்று லெப்பை கையை ஏந்தப் போனார்.

"இன்னொராள் இரிக்கி," என்றாள். "றோஸ் உம்மாட மகனுக்கும்."

"எப்பவும் என்ட மகன் எண்டுதானே சொல்றயள்," என்று லெப்பை வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அது அவன் இஞ்ச கிடந்த காலம்."

லெப்பை பாயில் நிமிர்ந்து இருந்தார். தல்கீன் ஓத ஏலாது என்று அன்றைக்குச் சொன்ன அதே மனிசன்தான். பிறகு கையை ஏந்தி, அவள் சொன்னபடியே அந்தப் பெயரைச் சொன்னார்.